தாள் ஒன்றுக்கு எழுந்த கைகள்

எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாது. அனுபவப்பட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

பகலில் எனக்கு மென்பொருள் கம்பெனியில் பிழை பிடிக்கிற வேலை. மிச்ச நேரத்தில் அறிவியல் புனைகதை எழுதுவேன். பன்னிரண்டு கதைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருந்தன. (யார் படித்தார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.) ஓசூரில் குணசேகரன் என்றொரு பதிப்பாளர், அவற்றைத் தொகுப்பாகப் போடலாமா என்று ஒன்பது மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரு அல்சூரில் ஒரு வாசகர் வட்டம், "இயந்திரம் கதை எழுதுமா?" என்ற தலைப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டது. குணசேகரன் காதுக்கும் விஷயம் போய்விட்டது.

"நானும் வர்றேன் சார். கேட்டுட்டு என் முடிவச் சொல்லிடறேன்" என்றார்.

பேசிவிட்டு வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. எனக்குத்தான் கொழுப்பு. பேச்சோடு ஒரு போட்டியும் வைப்பதாக அறிவித்தேன். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறப் போகும் ஒரு பெங்களூருப் பெண்ணின் கடைசி நாள். அதை நான் ஒரு பக்கம் எழுதுவேன், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு பக்கம் எழுதும். இரண்டையும் வாசிக்கக் கேட்டு, எது இயந்திரம் என்று கூட்டம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் நடை அப்படி.

என் பக்கத்தை நான்கு நாள் இழைத்தேன். "ஒளியாண்டுகளின் மௌனம் அவளது இருத்தலின் விளிம்பில் உறைந்தது" என்று தொடங்கும். செயலி தன் பக்கத்தைப் பத்து விநாடியில் துப்பியது. அதில் நாலு வரி படித்துவிட்டு, 'சப்பென்று இருக்கிறது, நல்லது' என்று மூடிவைத்தேன். என்னுடையது தாள் ஒன்று, செயலியுடையது தாள் இரண்டு. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. அவள் ஆபீசில் அச்செடுத்து வரச் சொல்லி இரண்டையும் மனைவி சுபாவுக்கு அனுப்பினேன். அவளிடம்கூட எது யாருடையது என்று சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்!

அன்று சாயங்காலம் அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். வட்டத்தின் செயலாளர் அம்மாள்தான் இரண்டையும் வாசித்தார். தாள் ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். (ஆழமான எழுத்து, கொஞ்சம் நேரமெடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.)

தாள் இரண்டும் முதலில் சாதாரணமாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெண் ராக்கெட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிடுகிறாள். திடீரென்று அவளுக்குக் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, சாவி உங்ககிட்டதானே இருக்கு, ஒரு தடவ பாத்துடுங்க" என்கிறாள். இனி அந்த வீட்டுக்குத் திரும்பவே போவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது.

அரங்கமே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கேஸ் அடுப்பையே பார்த்திராத ஒரு செயலி இதை எப்படி எழுதியது? நான் தோற்றது சரி, இனி எழுதுகிறவர்கள் எல்லோருமே கடையைக் கட்ட வேண்டியதுதானா?

"தாள் ஒன்றுதான் இயந்திரம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார் செயலாளர்.

ஒரு கைகூட பாக்கியில்லை. முதல் வரிசையில் சுபா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குணசேகரனும் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரியான விடை" என்றேன். வெட்கமே இல்லாமல் கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன். குணசேகரன் மேடைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், புக்கு போடறோம். இந்த கேஸ் கதைதான் மொத கதை!"

ஒன்பது மாதமாகக் காத்திருந்த வார்த்தை, விளக்கெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கியது.

சுபாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரியோரம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது அதற்கு மேல் தாங்கவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

"சுபா, அது நான் எழுதினது இல்ல. மெஷின் எழுதினது."

"எது, அந்த கேஸ் மேட்டரா?" என்றாள் சாதாரணமாக. "அத நான்ல எழுதினேன்!"

சுபா பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவசரமாகப் பேசினால் கன்னடம் தானாக வந்து விழும்.

"மொத தாளப் படிச்சேன், ஏனூ புரியல. சரி, இது மெஷினுதான்னு வெச்சுட்டேன். ரெண்டாவது கொஞ்சம் சுமாரா இருந்துச்சு, உன்னுதுன்னு நெனச்சேன். பாவம், அத்தன பேர் முன்னாடி நீ தோத்துடக் கூடாதேன்னு கடைசில அத சேத்து அச்செடுத்தேன்."

"பதினாலு வருஷமா என் கதையப் படிக்கிற. எது என்னுதுன்னு தெரியாதா?"

"நல்லாருக்குன்னு சொல்லுவேன். படிச்சேன்னு எப்பச் சொன்னேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னை இயந்திரம் தோற்கடிக்கவில்லை, பெண்டாட்டிதான் தோற்கடித்திருக்கிறாள். அது எனக்குப் பழக்கமான விஷயம். யோசித்துப் பார்த்தால், வீட்டைப் பூட்டிய பிறகும் திரும்பிப் போய்க் கேஸைப் பார்க்கிறவள் அவள்தான். நான் லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு, "சீக்கிரம் வா" என்று கத்துகிறவன். அந்த வரிகள் எனக்கு எங்கிருந்து வரும்?

அங்கேயே நின்று குணசேகரனுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். புத்தகம் போச்சு என்று முடிவு செய்தேன்.

"அம்மாகிட்ட குடுங்க" என்றார். சுபா வாங்கி, "ம்... ம்... ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"பன்னெண்டு கதையையும் நான் ஒருவாட்டி படிக்கணுமாம். அப்பதான் புக்கு போடுவாராம்."

முதல் தடவையாகப் படித்தாள். பத்துக் கதைகளில் சிவப்பு மையைக் கொட்டினாள், இரண்டைக் கிழித்தே போட்டாள். அடுத்த மாதக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். போட்டியின்போது சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். புத்தகமும் கேஸ் கதை இல்லாமல், மிச்சப் பத்துக் கதைகளோடு வந்துவிட்டது.

ஆனால் வீட்டில் என் பாடு திண்டாட்டம். நான் எப்போது கொஞ்சம் இலக்கியமாகப் பேசினாலும் சுபா பதில் சொல்வதில்லை, பேசாமல் இரண்டு கையையும் தூக்கிவிடுகிறாள். மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். போன வாரம் எங்கள் கல்யாண நாள். "என் பிரபஞ்சத்தின் ஒரே ஒளி நீ" என்று ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேஜையில் நான்கு கைகள் எழுந்தன.

"சாம்பார் நல்லாருக்கு" என்றேன். கைகள் இறங்கின.