மாலையோடு வந்த மச்சானுக்கு

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

அரக்கோணத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ஜெயப்பிரகாஷ் அவர்களுக்கு, உங்கள் தங்கை சோபனாவின் கணவன் மதியழகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கையும், நீங்கள் ஒருமுறை அழுது முடித்துவிட்ட உங்கள் மருமகன் பரணிதரனும் நலம். அங்கே அக்காவும் உங்கள் மகள் பூங்குழலியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் நலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்று உங்கள் தங்கையின் போனில் என்னைத் திட்டினீர்களே, அந்தக் குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் போனையும் வைத்துவிட்டீர்கள். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

பரணி நடிப்பை விட்டுவிட்டு மறுபடி ‘பாலாறு பாய்ஸ்’ பாட்டுக் குழுவில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ஆவணியில் பூங்குழலிக்கும் அவனுக்கும் கல்யாணம் கிடையாது, நிச்சயத்தில் மாற்றிய தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றீர்கள். மற்றதெல்லாம் பிறகு, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவன் போக மாட்டான். நானும் போகச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்பும் கேட்க மாட்டேன். தட்டை அனுப்புவதானால் பழைய துணி சுற்றி அனுப்புங்கள், போன தடவை உங்கள் வீட்டிலிருந்து வந்த குக்கர் நசுங்கித்தான் வந்தது.

பாலாறு பாய்ஸை இன்றைக்கு நீங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது தொடங்கியபோது என்ன சொன்னீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பரணியும் எதிர்வீட்டு ரஷீத் அஹமது பாய் மகன் தன்சீலும் இன்னும் மூன்று பையன்களும் ஆற்று மணலில் நின்று பாடி யூடியூபில் போட்டபோது, “இன்னா மச்சான், படிக்க வெச்ச புள்ளைய கூத்தாடியா வுட்டுட்ட” என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே கேட்டது நீங்கள்தான். அப்புறம் அந்தப் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலமும் நகராது என்று ஆனது. வேலூரில் செல்போன் கடை திறக்கக் கூப்பிட்டார்கள். திருப்பத்தூர் காலேஜில் பெண்பிள்ளைகள் வேனைச் சூழ்ந்துகொண்டு விடவில்லை. உடனே கூத்தாடி உங்களுக்கு மாப்பிள்ளை ஆனான். நிச்சயதார்த்த பேனரில் அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘பாலாறு பாய்ஸ் புகழ்’ என்று போட்டீர்கள். பூங்குழலியின் பெயர் மைக் படத்துக்குப் பின்னால் பாதி மறைந்து, வந்தவர்களெல்லாம் பெண் யார் பெண் யார் என்று கேட்டார்கள். அதைக்கூட நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் ஏன் வெளியே வந்தான் என்று நீங்கள் ஒரு நாளாவது அவனைக் கேட்டதுண்டா? நான் கேட்டேன். ஐந்து பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே கலர் முடி, ஒரே மாதிரி கையை ஆட்ட வேண்டும். தன்சீல் பாடுவான், இவன் பின்னால் நின்று ‘ஓஹோ’ என்பான். “அப்பா, கம்பெனில ஒரு ஜோடி ஷூவுல கூட எது லெஃப்ட் எது ரைட்டுன்னு தெரியுது. எங்க அஞ்சு பேர்ல நான் எதுன்னு எனக்கே தெரியலப்பா” என்றான். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இத்தனை வருஷம் தோலைப் பார்த்தவன் நான். ஒரு தோல் மாதிரி இன்னொரு தோல் இருக்காது. எனக்கு அவன் சொன்னது உடனே புரிந்தது. சரிடா, போய் நடி என்றேன். சொன்னது நான்தான், ஆகவே திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், உங்கள் தங்கையின் வளர்ப்பை இழுக்காதீர்கள். “பாட்டுன்னா திருவிழாவுக்காவது கூப்புடுவான், நடிப்புன்னா எவன் கூப்புடுவான்” என்று கேட்டீர்கள். கூப்பிட்டார்கள். முதல் படத்தில் கூரியர் கொண்டுவருபவனாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை என்பது உண்மைதான், ஆனால் நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது அவன் என்று. இரண்டாவது படத்தில் கதாநாயகனின் தம்பி. படமே அவன் சாவில்தான் தொடங்குகிறது என்று டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தொடங்குகிற இடத்திலேயே முடிந்துவிடுகிறானே என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ பேர் கடைசி வரை இருந்தும் ஒன்றும் செய்வதில்லை.

இப்போது அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்தில் குறுகலாக ஒரு சந்து வேண்டும் என்று தேடி, கடைசியில் டைரக்டர் எங்கள் தெருவையே பிடித்தார். என் வீட்டு வாசலிலேயே சாவுப் பந்தல் போடட்டும் என்று நானே சொன்னேன். உங்கள் தங்கை அழுதாள், மகன் நடிக்கிறான் என்று சொல்லித் தேற்றினேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு போட்டோ கேட்டார்கள், கோட்டு போட்ட நல்ல போட்டோவைக் கொடுத்தேன். படத்தில் அவன் பெயர் குமார் என்று இருந்தது. குமார் என்று போட்டால் அது என் மகன் என்று ஊரில் எவனுக்குத் தெரியும்? அதனால் பிரிண்டிங் கடைக்கு நானே போய், ‘பாலாறு பாய்ஸ் புகழ் பரணிதரன்’ என்று கொட்டை எழுத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தேன். நம் பக்கத்தில் காது குத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர் என்றிருக்கும்போது, அவன் ஒருவனுக்கென்றே முதன்முதலாக ஒரு பேனர் நான் வைத்தது தப்பா? அதை பஸ்ஸில் போன எவனோ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் அதற்கு நான் பொறுப்பா?

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, சொல்கிறேன் கேளுங்கள். கம்பெனியில் என் செக்‌ஷன் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு யூனிபார்மோடு மலர்வளையம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டைரக்டருக்குக் கூட்டம் வேண்டியிருந்தது, வந்த கூட்டத்தை உட்கார வைத்துவிட்டார். வாணியம்பாடியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகள் வந்து இறங்கி, இறங்கிய இடத்திலேயே அழுதார்கள். ரஷீத் அஹமது பாய் அதுவரை ஊரில் இல்லை, முந்தின ராத்திரிதான் திரும்பியிருக்கிறார். காலையில் ஜன்னலைத் திறந்து பேனரைப் பார்த்ததும், சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று ஒரு அண்டா கிச்சடி செய்வித்து, கத்திரிக்காய் பச்சடியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்து, “சபர் பண்ணுங்க மதி, பொறுத்துக்கங்க, அல்லா குடுத்தான், எடுத்துக்கினான்” என்றார். நான் எல்லாவற்றையும் விளக்கியபின் அண்டாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி, கிச்சடி ஆறிடும், சினிமாக்காரங்கள சாப்ட சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியவர், இன்றுவரை என்னிடம் நேராகப் பேசவில்லை. கிச்சடி நன்றாக இருந்தது. பரணியே மூக்கில் பஞ்சோடு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு நீங்கள் போன் செய்தபோது எவனும் எடுக்கவில்லை என்கிறீர்கள். ஷூட்டிங்கில் எல்லோர் போனையும் வாங்கி ஒரு தவலையில் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தாய்மாமன் முறைக்குக் கோடித்துணியும், ஆளுயர ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டீர்கள். தெருமுனையில் நின்ற உதவி டைரக்டர், மெட்ராஸிலிருந்து வரவேண்டிய துணை நடிகர் என்று நினைத்து, “ஏன்யா இவ்ளோ லேட்டு, கேமரா ஓடுது, நேரா போய் அழு” என்று உங்களைத் தள்ளிவிட்டார். நான் கூட்டத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பெற்ற அப்பனாக நின்றிருந்தேன். பார்த்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். எங்களுக்குத் தெரியாமல் நீங்களும் ஒரு வேஷம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் மச்சான், அப்புறம் நீங்கள் பேசினீர்களே, அதைத் தெருவே கேட்டது. கோடியை அவன் மேல் போர்த்திவிட்டு, அவன் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு, “எய்ந்திரு மாப்ளே. பாட வேணாம், ஒண்ணியும் வேணாம். நடிக்கணும்னா நடிச்சுக்கோ, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எம்பொண்ண கட்டிக்கினு எத வேணா பண்ணு. எய்ந்து உக்காருடா சாமி” என்றீர்கள். அப்போதுதான் இது வேஷம் இல்லை என்று எனக்கு உறைத்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றேன். டைரக்டர் கட் சொல்லும்வரை கூட்டமே அழுதது. என் மகன் மட்டும் இமையைக்கூட அசைக்காமல் அப்படியே கிடந்தான். தர்மாஸ்பத்திரி டாக்டர் பார்த்திருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதல்லவா நடிப்பு. அவனைப் பார்த்தா நடிக்கத் தெரியாதவன் என்கிறீர்கள்?

பிறகு அவன் எழுந்து உட்கார்ந்து, “வாங்க மாமா, எப்ப வந்தீங்க” என்றான். நீங்கள் மாலையாலேயே அவனை அடித்தீர்கள். ரோஜா இதழ் இன்னும் எங்கள் வாசல் சாக்கடையில் கிடக்கிறது. அடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. போர்த்திய கோடியை உருவிக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டீர்கள், அதுவும் பரவாயில்லை. நான் கேட்பது ஒன்றுதான். எழுந்து உட்கார் என்றீர்கள், அவன் உட்கார்ந்துவிட்டான். இந்த உலகத்தில் வேறு எந்தத் தாய்மாமனுக்கும் அந்த யோகம் கிடைத்ததில்லை. அவன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். நடிச்சுக்கோ, பொண்ணைக் கட்டிக்கோ என்று நீங்கள் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று? செத்தவனுக்குக் கொடுக்கத் தயாராக இருந்ததை, இருக்கிறவனுக்குக் கொடுக்க ஏன் கசக்கிறது?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். என் மகன் நடிகன். இன்றைக்குப் பிணமாக நடிக்கிறான், நாளைக்கு உயிரோடு இருக்கிற வேஷமும் வரும். கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் வந்து நான் நிற்க மாட்டேன், நீங்களும் என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பூங்குழலிக்கு எங்கள் ஆசியையும் தெரிவிக்கவும். அக்காவின் முட்டி வலிக்கு உங்கள் தங்கை சொன்ன தைலத்தைச் சுடவைத்துத் தேய்க்கவும். அனைவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத,
மதியழகன்.

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் டைரக்டர் போன் செய்தார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்களாம். நீங்கள் அழ ஆரம்பித்த உடனே பிணத்தின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் காதுவரை ஓடியிருக்கிறது, கடைசியில் பிணம் விசும்பவே செய்திருக்கிறது. அதனால் அந்தக் காட்சியில் பரணியின் கால் கட்டைவிரல் மட்டும் வருமாம். நீங்கள் முழுசாக வருகிறீர்கள். இந்தப் பெரியவர் யார், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று கேட்டுத் துளைத்துவிட்டார். ஏண்டா அழுதாய் என்று பரணியைக் கேட்டேன். “மாமா அழுதா நான் இன்னாப்பா பண்றது” என்கிறான். மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இவனுக்கு நடிப்பு வராது போலிருக்கிறது. நான் சொன்னதாக அவனுக்குத் தெரிய வேண்டாம், நீங்கள்தான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றி, அவன் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குளோஸப் பாக்கி இருக்கிறதாம், புதன்கிழமை காலை ரயிலில் அக்காவையும் பூங்குழலியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்குப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையில்தான் வர வேண்டுமாம். இன்னும் துவைக்காமல் இருந்தால் துவைத்துவிட வேண்டாம்.