நிலவறைப் பிரதமர்

கனடாவை ஆண்டவர்கள் பலர். அவர்களிலேயே அதிகம் பேசியவர், அதிகம் பயந்தவர், ஒரு வாக்குக்கூட வாங்காமல் அதிக காலம் பதவியில் இருந்தவர் எங்கள் கட்டடத்துப் பிரதமர்தான். தலைநகரில் இருந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் மட்டும் மொன்ட்ரியால் நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நிலவறையில், இரண்டு வோஷிங் மெஷினுக்கும் ஒரு ட்ரையருக்கும் நடுவில் அசையாமல் ஆட்சி செய்தார்.

உண்மையில் அவர் எங்கள் கட்டடத்தின் கொன்சியேர்ஜ். பைப் ஒழுகினால், பல்ப் போனால், வாசலில் பனி உறைந்தால் கூப்பிடுகிற ஆள். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். எந்தக் கதையையும் "நான் மட்டும் பிரதமராய் இருந்தன் எண்டால்" என்று தொடங்குவதால் தமிழ்ச் சனம் வைத்த பெயர்தான் பிரதமர். கட்டடத்தில் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வியட்நாமியக் கிழவர் அதுதான் இவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று கடைசிவரை நம்பினார்.

நிலவறையில் உடுப்புத் தோய்க்கப் போகிற எவரும் அவருடைய உரையிலிருந்து தப்ப முடியாது. மெஷின் ஓடி முடிய முக்கால் மணித்தியாலம். உடுப்பை விட்டுவிட்டு எங்கே போவது?

"ஆர்ப்பாட்டமாம்! ரோட்டை மறிச்சால் அம்புலன்ஸ் எப்பிடிப் பிள்ளை போறது? நெஞ்சு வலிக்காரன் உவங்கடை கோஷத்தைக் கேட்டுக்கொண்டு சாகிறதோ?"

"அண்ணை, ஊரில சண்டை நடக்கேக்கை எங்கடை சனமும் இஞ்சை ரோட்டை மறிச்சதுதானே?" என்றேன்.

"ஓம். நான் போகேல்லை. போயிருக்கலாம்," என்றார். உடனே துப்பாக்கிச் சட்டத்துக்கு, அவர் பாஷையில் துவக்குச் சட்டத்துக்கு, தாவிவிட்டார்.

துவக்குச் சட்டம் என்றால் அவருக்கு மூச்சு வாங்கும். "கள்ளன் லைசென்ஸ் எடுத்திட்டோ சுடுறான்? அவன் எல்லையாலை கடத்திக்கொண்டு வாறான். அவனைப் பிடிக்க வக்கில்லை. பாவம், மான் வேட்டைக்குப் போற மனிசனிட்டைப் பறிக்கினம். இது நாடாளுற வேலையோ?" சொல்லிவிட்டு பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டுவார். துவக்கு வைத்திருக்கிற லைசென்ஸ். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, முறைப்படி எடுத்தது.

"அப்ப துவக்கு எங்கை அண்ணை?"

"துவக்கோ? ஐயோ, எனக்கு அதைக் கண்ணாலயும் பாக்கேலாது. வகுப்பிலயும் கண்ணை மூடிக்கொண்டுதான் தொட்டனான்."

இது முழு உண்மை. அவருடைய பயத்துக்கு அளவே கிடையாது. என் மகளின் மூன்றாவது பிறந்தநாளில் ஒரு பலூன் வெடித்தது. திரும்பிப் பார்த்தால் பிரதமரைக் காணவில்லை. கேக் வைத்த மேசைக்குக் கீழே முழங்காலில் இருந்தார். குழந்தைகள் விளையாட்டென்று நினைத்து ஒவ்வொருவராக உள்ளே போய் அவருடன் குந்திக்கொண்டார்கள். கேக்கை அங்கேயே கொடுக்கவேண்டியதாயிற்று. தபால்காரர் தட்டாமல் வாசல் கதவைத் திறந்தாலும் அவருக்கு முகம் வெளுத்துவிடும். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தவள்தான்.

சிரிப்பு நின்றது ஒரு வியாழன் பின்னேரம். நிலவறையில் நாங்கள் மூன்று பேர். நான், பிரதமர், மூன்றாம் மாடி மதாம் ஜோசெலின். மதாம் ஹெயிட்டியிலிருந்து வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை. இவருடைய கட்சிக்கு நேரெதிர்க் கட்சி. நாட்டில் ஒரு துப்பாக்கியும் இருக்கக்கூடாது என்பார். இருவரும் பிரெஞ்சில் மோதிக்கொண்டிருந்தார்கள். மதாமின் பிரெஞ்சு ஆறுபோல ஓடும். பிரதமரின் பிரெஞ்சு உடைந்த படிக்கட்டு, ஆனாலும் ஏறிவிடுவார்.

"மதாம், சட்டம் போட்டால் சூடு நிக்குமோ? நான் மட்டும் பிரதமராய்..."

அந்த வசனம் முடியவில்லை. தெருவோடு ஒட்டியிருந்த சின்ன ஜன்னல் நொறுங்கிக் கொட்டியது. எங்கோ தகரத்தில் அடித்த மாதிரிச் சத்தம். நான் என்னவென்று பார்க்கத் திரும்பினேன். அவ்வளவு மொக்குத்தனம் எனக்கு. யாரோ என் காலை வாரினார்கள். விழுந்தேன். பக்கத்தில் மதாமும் விழுந்து கிடந்தார். இருவரையும் இழுத்து விழுத்தியது பிரதமர்.

"தலையைத் தூக்காதை பிள்ளை. கை காலை ஆட்டாதை. பா புஜே, மதாம், பா புஜே."

வெளியே ஒரு கார் சீறிக்கொண்டு போனது. பிறகு ஒன்றுமில்லை. ட்ரையர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கன்னம் சீமெந்துத் தரையில். வாய்க்குள் சோப்புத்தூள். மகளைக் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது, அவள் இங்கே இல்லை, இங்கே இல்லை என்று எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரதமர் என் கணுக்காலைப் பிடித்த பிடியை விடவில்லை.

பொலிஸ் வந்து கேட்டது, என்ன பார்த்தீர்கள் என்று. "தரையைப் பார்த்தேன். மிகத் தெளிவாகப் பார்த்தேன்," என்றார் பிரதமர். எழுதிக்கொண்டார்கள். தெருவில் யாரோ யாரையோ சுட்டதில் தவறி வந்த குண்டாம். அது ட்ரையரின் கதவைத் துளைத்து உள்ளே உடுப்புக்குள் நின்றிருந்தது. மகள் கார்டெரியில் போர்த்துப் படுக்கிற போர்வையை வெளியே எடுத்தேன். மடிந்து சுற்றிக்கொண்டிருந்ததால் ஒரே குண்டு நாலு ஓட்டை போட்டிருந்தது. ஒரு ஓட்டைக்குள் என் சுண்டுவிரல் போனது. அதன் பிறகு பல நாள், கார்டெரி வாசலில் ஒரு கார் மெதுவாக வந்தாலே எனக்கு முதுகு வேர்த்தது.

அடுத்த கிழமை மதாம் கீழ் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். துப்பாக்கிகளுக்கு எதிராக அயலவர்களின் ஊர்வலம், சனிக்கிழமை பகல். பிரதமர் அதைக் கழற்றினார். தண்ணீர் வெட்டு அறிவித்தலுக்கு மட்டுந்தான் அந்தப் பலகை என்பது அவருடைய சட்டம். மதாம் மறுபடி ஒட்டினார். அவர் மறுபடி கழற்றினார். மூன்றாம் தரம் மதாம் தாளை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே கிழித்துப் போடுங்கள், மிஸ்யூ," என்றார். "அன்றைக்கு என் காலை இழுத்த அதே கையால் கிழியுங்கள்."

மாலையில் பார்த்தேன். தாள் பலகையில் இருந்தது. சரிவில்லாமல், நாலு மூலைக்கும் ஊசி குத்தி.

சனிக்கிழமை வந்தது. மார்ச் மாதத்துச் சேறும் பனியும். அறுபது எழுபது பேர் சேர்ந்தார்கள். பாதிப்பேர் வயதான பெண்கள். மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். உள்ளுக்குள் பயம்தான். வீட்டிலே இருந்தால் அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் நடைபாதையில் பிரதமர். மஞ்சள் வேலைச் சட்டை, கையில் வாளி, வாளி நிறைய உப்பு.

"என்ன அண்ணை, நீங்களும் வந்திட்டியளே?"

"ஆர் வந்தது? நான் ஆர்ப்பாட்டத்துக்கு வரேல்லை. உந்தக் கிழவியள் வழுக்கி விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது? உப்புப் போட வந்தனான்."

ஊர்வலம் தெருவில் போனது. இவர் நடைபாதையில் அதே வேகத்தில் போனார். சந்திக்குச் சந்தி ஓடிவந்து, பெண்கள் கால்வைக்கிற இடத்தில் உப்பை வீசிவிட்டு மறுபடி நடைபாதைக்கு ஓடினார். சிவப்பு விளக்கில் ஊர்வலம் நிற்காமல் போகும். பிரதமர் நிற்பார், பச்சை வரும்வரை. பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து பிடிப்பார். கோஷம் போடவில்லை. "பாத்து, பாத்து" என்பது மட்டும் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தது.

பாலத்துக்குக் கீழே, தெரு ஒடுங்குகிற இடத்தில் நாங்கள் போகும்போது அது கேட்டது. வெடி. ஒன்றல்ல, இரண்டு. பாலத்தடியில் அது பத்தாக எதிரொலித்தது.

ஒருத்தி அலறினாள். முன்னால் நின்றவர்கள் திரும்பி ஓட, பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ள, நடுவில் தள்ளுவண்டியோடு நான். யாரோ இடித்ததில் வண்டி ஒரு சக்கரத்தில் சாய்ந்தது. மகள் அழவில்லை. என்னைப் பார்த்தபடி வாயைத் திறந்திருந்தாள். வண்டியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"படு! எல்லாரும் நிலத்தில படு! ஓடாதை! பார் தேர்! பார் தேர்!"

அவருக்கு அப்படி ஒரு தொண்டை இருந்தது எங்களுக்குத் தெரியாது. வாளியை எறிந்துவிட்டு, நடைபாதையை விட்டிறங்கி, தெருவின் நட்டநடுவே கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஹெயிட்டிக்காரர், அராபியர், கியூபெக்காரர் எல்லோரும், தமிழ் விளங்கியதோ இல்லையோ, சேற்றில் படுத்துவிட்டார்கள். பயந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் எல்லோரும் பயத்துக்குப் புதுசு. கடைசியாக அவரும் விழுந்தார், என் மகளின் வண்டிமேல், முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு.

ஒரு நிமிடமோ இரண்டோ. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினோம். பாலத்துக்கு அப்பால், டெப்பனர் என்கிற மூலைக் கடைக்குச் சாமான் இறக்க வந்த லொறி ஒன்று நின்றது. அதன் பின்பக்கத்து இரும்புப் பலகை அறுந்து தெருவில் கிடந்தது. நாங்கள் கேட்ட வெடி அதுதான். லொறிக்காரர், அறுபது பேர் தன்முன்னால் குப்புறப் படுத்திருப்பதைக் கண்டு, இரண்டு கைகளையும் உயரத் தூக்கியபடி உறைந்துபோய் நின்றார்.

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பும் அழுகையும் கலந்து எல்லோரும் எழும்பினார்கள். வண்டியிலிருந்து சறுக்கி இறங்கிய பிரதமர் மட்டும் எழும்பவில்லை. நடைபாதை விளிம்பில், சேற்றில் குந்தியிருந்தார். பல் கிட்டிப்போய் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மதாமும் அவருக்குப் பக்கத்தில் சேற்றிலேயே குந்தினார்.

"ஊரில ஐயாட்டை ஒரு துவக்கு இருந்தது," என்றார் பிரதமர், யாரும் கேட்காமலே. "பயிருக்குள்ள வாற காட்டுப் பண்டியளை வெருட்டுற துவக்கு. ஒருநாள் வந்து வாங்கிக்கொண்டு போச்சினம். ஆர் எண்டு கேளாதை பிள்ளை. அதுக்குப் பிறகு வந்தவை எல்லாரும் நேரே வீட்டுக்குள்ளதான் வந்தவை. ஒரு நாளும் தட்டேல்லை. ஒருநாள் என்ரை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போச்சினம். பிறகு அவர் வரேல்லை."

நான் மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்தத் துப்பாக்கி உங்களிடம் இருந்திருந்தால், சுட்டிருப்பீர்களா?"

பிரதமர் இல்லையென்று தலையாட்டினார். "சுட்டிருக்க மாட்டம். ஆனால் கதவைத் தட்டியிருப்பினம்."

மதாம் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி அவருடைய கையில் மாட்டிவிட்டார். அவருக்கு அது பாதிவரைதான் போனது.

இதனால் பிரதமர் மனம் மாறினார் என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை உடுப்போடு கீழே போனேன். "பாத்தியே பிள்ளை, ஆர்ப்பாட்டம் எண்டால் இதுதான் நடக்கும்!" என்று தொடங்கினார். சட்டம் பிழை, பிரதமர் பிழை, எதிர்க்கட்சித் தலைவருக்கு முதுகெலும்பு காணாது. மதாமும் விடவில்லை. இருவரும் அதே இடத்தில், அதே வேகத்தில் சண்டை பிடித்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: மதாம் வரும்வரை அவர் உரையைத் தொடங்கமாட்டார்.

இப்போது முழங்கால் விட்டுப்போய், நகரின் மேற்குப் பக்கத்தில், பியர்பொன்ட்ஸில், தன் மகள் வீட்டில் இருக்கிறார். பெரிய வீடு, அமைதியான தெரு, பேச்சைக் கேட்க ஆளில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் எங்காவது துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் ரெலிபோன் அடிக்கும். என் மகள் இப்போது பள்ளிக்கூட பஸ்ஸில் போய்வருகிறாள்.

"பிள்ளை, சின்னவள் வீட்டை வந்திட்டாளோ?"

"வந்திட்டாள் அண்ணை."

ஒரு நீண்ட மூச்சு கேட்கும். பிறகு, "நான் மட்டும் பிரதமராய் இருந்தன் எண்டால்" என்று முக்கால் மணித்தியாலம். அந்த முதல் கேள்விக்காக, மிச்சம் அத்தனையையும் நான் ரெலிபோனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.