சேற்றில் ஒரு ஜூலை பதினாலு

விதிமுறை தெரிந்தவன் ஆபத்தானவன். தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுக்கொண்டு போவான். தெரிந்தவன் யாரையும் கேட்கமாட்டான். போய் மாட்டிக்கொண்ட பிறகு, மாட்டிக்கொண்டது விதிப்படிதானா என்று யோசிப்பான். ஓய்வு பெறும் வரைக்கும் நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போது மட்டும் என்னவாம் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. அதை அலட்சியப்படுத்துவோம்.)

எழுபதுகளின் கடைசி. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை குமாஸ்தாவாக இருந்தேன். மீசை புதிது, வேலை புதிது, திமிர் இரண்டையும்விடப் புதிது. டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷினில் வசந்தா என்றொரு பெண். என்னைவிட வேகமாக அடிப்பாள். என் பிழைகளை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்வது என்று நான் முடிவு செய்தேன். அவளும் முடிவு செய்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முடிவு செய்யாதவர் ஒருவர்தான்: அவள் அப்பா ராஜமாணிக்கம்.

அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, இந்தோசீனா வரை போய்ச் சண்டை போட்டு, பென்ஷனோடு முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று அழைத்தார்கள், நானும் அழைத்தேன். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. அந்தக் காலத்தில் சொல்தா வீட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பெண் கறுப்பா சிவப்பா என்று விசாரிப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட் இந்தியாவா பிரான்ஸா என்று விசாரித்துவிடுவார்கள். கட்டிக்கொள்கிறவனுக்குப் பாரீஸ் கதவு திறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் தன் தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் தபால்காரரைக்கூட முசே சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

முதல் தடவை போனபோது என்னை உட்காரச் சொல்லவில்லை. நேராகக் கேட்டார்: "பொண்ணு கேக்க வந்தியா, பாஸ்போர்ட்டு கேக்க வந்தியா?"

சம்பளம், குடும்பம், உடம்பு எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். இதற்குத் தயாரிக்கவில்லை. "யோசிச்சு சொல்றேன் முசே" என்றேன்.

(உலகத்தில் இதைவிட மோசமான பதில் ஒன்று இருக்கலாம். எனக்கு இதுவரை தென்படவில்லை.)

வசந்தாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். முசேவின் மூன்று பதக்கங்களிலும் நாடாவைப் பூச்சி அரித்திருந்தது. ஜூலை பதினாலு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பிரெஞ்சு தேசிய தினம். வயதான சொல்தாக்கள் கோட்டு மாட்டி, பதக்கம் குத்திக்கொண்டு, கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு வரிசையாக நடந்து போவார்கள். மாலை வைத்து, ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். முசேவுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அதுதான். வீராம்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா நன்றாகத் தைப்பாள் என்று வசந்தா எடுத்துச் சொல்ல, முசே பதக்கங்களை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். கொடுத்தார் என்பது பேச்சுக்கு. அவர் விரல்களிலிருந்து நான்தான் பிரித்தெடுத்தேன்.

"மாலை வெக்கிறதுக்கு முன்னாடி இது என் நெஞ்சுல இருக்கணும். இல்லன்னா அப்புறம் நீ என் வாசல்ல இருக்கக் கூடாது."

அக்கா அழகாகத் தைத்துக் கொடுத்தாள். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே போய் வாங்கியவன், அவள் வைத்த மீன் குழம்பின் மேல் பழியைப் போட்டு இரவு அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் சைக்கிளின் பின்சக்கரம் காற்றில்லாமல் தரையோடு படுத்திருந்தது. அரியாங்குப்பம் பாலம் சுற்றி நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. குறுக்கே முகத்துவாரத்தைத் தாண்டினால் தேங்காய்த்திட்டு. அங்கிருந்து ரிக்‌ஷா பிடித்தால் முத்தியால்பேட்டை. தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். எதிர்க்கரை வரை சேறு வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"இரு, கலியமூர்த்தி அண்ணனக் கூப்புடறேன். வாய்க்கா வழியா சுத்திகினு போயி படகுல வுட்டுடுவாரு" என்றாள் அக்கா.

கலியமூர்த்தி வந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வியை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"ஆள் ஏத்தறதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இன்னாது சார்?"

"இந்தத் துறை இன்னும் ஏலம் போகல. ஏலம் போகாத துறையில படகு விட்டா அது அனுமதியில்லாத படகு. நான் கவர்மெண்ட் ஆளு. ஏறக் கூடாது."

"நான் காசே கேக்கலியே சார்."

"இலவசமா ஏத்தினா அது இன்னும் தப்பு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அசையவில்லை. ஏனென்றால் எனக்கு வேறொரு வழி தெரியும். எங்கள் அலுவலகச் சுவரில் பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடம் ஒன்று தொங்கியது. டீ குடிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த முகத்துவாரத்தின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, அழகாக ஒரு புள்ளிக்கோடு போகும். புள்ளிக்கோடு என்றால் ஒற்றையடிப் பாதை. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"அங்க ஏது சார் வழி? ஒரே உளைச்சேறு" என்றார் கலியமூர்த்தி.

"மேப்புல இருக்கு."

"அப்படின்னா மேப்பு மேலயே நடந்து போயிடுங்க சார்."

கேலியை நான் பொருட்படுத்தவில்லை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் ஷூ, ஒரு கையில் கைக்குட்டை மூட்டையோடு இறங்கினேன். முதலில் கெட்டியான மணல். நண்டுகள் வழிவிட்டு ஒதுங்கின. (மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.) பிறகு சேறு கணுக்காலுக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு. ஒரு தடவை வழுக்கி, மூட்டை கையிலிருந்து நழுவப் பார்த்தது. சட்டைப் பையில் போடலாமென்றால் பேனா மை ஒழுகிய பை. பேண்ட் பையோ சேற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் ஆகப் பத்திரமான இடம் எது என்று பார்த்தேன். நெஞ்சு.

மூன்று பதக்கங்களையும் வரிசையாக என் சட்டையில் குத்திக்கொண்டேன்.

பாதுகாப்புக்காகத்தான். ஆனால் குத்திய பிறகு நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், கையை வீசி இரண்டு எட்டு வைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது எட்டில் தொடை வரை இறங்கினேன். இடது காலை எடுக்க வலது காலை ஊன்றினேன். வலது கால் போனது. வலது காலை எடுக்க இடது காலை ஊன்றினேன், இடுப்பு போனது. ஷூ இரண்டும் எப்போது கையைவிட்டுப் போயின என்று தெரியவில்லை.

கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்தாற்போல் ஒரு கல் தெரிந்தது. எட்டிக் கட்டிக்கொண்டேன். மூச்சு வாங்கி முடித்துப் பார்த்தால், கல்லின் தலையில் பிரெஞ்சு எழுத்துகள் வெட்டியிருந்தன. எல்லைக்கல்.

பாதைக்கு யாரும் எல்லைக்கல் நட்டுவைக்கமாட்டார்கள். இத்தனை நாள் டீக் கிளாசோடு நான் ரசித்த புள்ளிக்கோடு, அரியாங்குப்பம் கொம்யூனையும் (பிரெஞ்சுக்காரர் வைத்த பேர், நம் பஞ்சாயத்து மாதிரி) புதுச்சேரி கொம்யூனையும் பிரிக்கிற எல்லை. என் ஒரு கால் ஒரு கொம்யூனிலும் மறு கால் அடுத்த கொம்யூனிலும் சட்டபூர்வமாகப் புதைந்திருந்தன.

அப்போது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். இறால் தடவ வந்த அஞ்சலை, சேற்றின் மேல் படுத்தவாக்கில் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்.

"அடி ஆத்தே! பீச்சுல வெக்க வேண்டிய செலய கொண்டாந்து இங்க நட்டிருக்காங்களே! மெடலெல்லாம் குத்தி! ஒரு காக்காதான் கொறச்சல்!"

"அம்மா, யாரையாவது கூப்பிடுங்கம்மா."

"கூப்புடறேன் கூப்புடறேன். ஏ கலியமூர்த்தீ! ஒங்க ஆளு ஒருத்தரு இங்க மொளச்சிருக்காரு!"

கலியமூர்த்தி அக்கம்பக்கத்து ஆட்களோடு தென்னை மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேற்றின் மேல் மட்டையைப் பரப்பி, அதன் மேல் படுத்து, என் கக்கத்துக்கடியில் கயிற்றைக் கட்டினார். கட்டும்போதே கேட்டார்: "இந்தக் கயித்துக்கு லைசென்ஸ் இல்ல சார். பரவால்லியா?"

நான் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கல்ல ஆட்டாதீங்க சார், அப்புறம் கவர்மெண்ட்டு கேஸ் போட்டுரும்."

அது உண்மை. எல்லைக்கல்லை அசைப்பது குற்றம். ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன். (ஆம், எடுத்தேன். அதனால் இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.)

கரையிலிருந்து ஒரு மொப்பெட் சத்தம் கேட்டது. என்னைக் காணாமல் பதறி, முசே தானே அக்கா வீட்டுக்குப் பாலம் சுற்றி வந்துவிட்டார். அதாவது நான் நிதானமாக உட்கார்ந்து இன்னொரு இட்லி சாப்பிட்டிருந்தால் பதக்கங்கள் அவர் கைக்குப் போயிருக்கும்.

கருநீலக் கோட்டு, தலையில் பெரே தொப்பி, கையில் வெள்ளைக் கிளவுஸ். கரை விளிம்பில் வந்து நின்று, சேற்றில் பாதி மனிதனாக நிற்கும் என்னையும் என் நெஞ்சில் தொங்கும் தன் பதக்கங்களையும் பார்த்தார். பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். பிற்பாடு அகராதியில் தேடினேன். அகராதி கண்ணியமானது, அதில் இல்லை.

"அத ஏண்டா நீ குத்திகினு இருக்க? கழட்டு மொதல்ல!"

கையைக் கொண்டுபோனேன்.

"சேத்துக் கையால தொடாத!"

கையை எடுத்தேன்.

"இழுங்கய்யா! மெடலு சேத்துல பட்டுதுன்னா கயித்த வுட்டுடுங்க!"

கடல் பக்கமிருந்து தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது. சேற்றின் மேல் மெல்லிய ஜரிகை மாதிரி ஊர்ந்து வந்தது. எனக்குச் சிரிப்பு, வெட்கம் எல்லாம் போய் உண்மையாகவே பயம் வந்துவிட்டது. "தண்ணி ஏறுது, சீக்கிரம்" என்றார் கலியமூர்த்தி. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். நான் பெயர்கிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து முசே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!"

கயிறு நின்றது. கடற்கரையில் மாலை வைக்கும் நேரம் அது. அங்கே வரிசையில் இருக்க வேண்டியவர் இங்கே இருக்கிறார். ஆனால் பதக்கங்களும் இங்கேதான் இருக்கின்றன. அவர் குதிகாலைச் சேர்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் என்னை நோக்கி, இல்லை, என் நெஞ்சை நோக்கி, ஒரு சல்யூட் வைத்தார்.

"ஒரு நிமிசம்" என்றார். "யாரும் பேசக் கூடாது."

கலியமூர்த்தி கயிற்றோடு மட்டையின் மேல் அசையாமல் கிடந்தார். அஞ்சலை முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். சேறு மட்டும் என் இடுப்பைச் சுற்றி பொளக், பொளக் என்றது. நான் மரியாதைக்குக் குறைவு வைக்கக் கூடாதென்று தலையைக் குனிந்தேன், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தது, நிமிர்ந்துகொண்டேன். முசேவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. அவரோடு கப்பல் ஏறித் திரும்பி வராதவர்கள் சிலர் உண்டு என்று வசந்தா சொல்லியிருக்கிறாள். அந்த நிமிடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், "சீக்கிரம்" என்று கத்தாமல் இருந்தது.

கையை இறக்கினார். "ம். இழுங்க."

இழுத்தார்கள். வரவில்லை. பேண்ட் நிறைய சேறு. அது என்னை விடுவதாயில்லை.

"பெல்ட்ட அவுரு" என்றார் முசே.

"முசே, லேடீஸ் இருக்காங்க."

"நாலு பெத்தவ நான். எனக்கு இன்னா புதுசா?" என்றார் அஞ்சலை. "அவுரு சாமி, தண்ணி வருது."

அவிழ்த்தேன். பேண்ட் இரண்டு கொம்யூன்களுக்கும் பொதுவாக அங்கேயே தங்கிவிட்டது. கோடு போட்ட டிராயரும் மூன்று பதக்கங்களுமாக நான் மல்லாந்தபடி கரைக்கு இழுத்து வரப்பட்டேன்.

முசே என் முன்னால் வந்து நின்றார். கிளவுஸ் போட்ட கையால், ஒவ்வொன்றாக, பதக்கங்களைக் கழற்றினார். உலகம் முழுக்கப் பதக்கம் குத்துவதற்குத்தான் விழா நடத்துவார்கள். பதக்கம் பிடுங்குவதற்கு விழா நடந்தது எனக்கு மட்டும்தான். மூன்றிலும் ஒரு துளி சேறு இல்லை. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரேட் போச்சு" என்றார். "இவ்ளோ கூத்தும் பாஸ்போர்ட்டுக்குத்தானே?"

யோசிக்கும் நிலையில் நான் இல்லை. சுற்றிலும் பாதி வீராம்பட்டினம் கூடிவிட்டது.

"பாஸ்போர்ட்டெல்லாம் வேணாம் மாமா. யாராவது ஒரு பேண்ட்டு குடுத்தா போதும்."

"மாமான்னு கூப்புடச் சொன்னனா?" என்றார் முசே. பிறகு அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினேன். சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா வீட்டுக்காரரின் கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அவர் மொப்பெட்டின் பின்னால் உட்கார்ந்து, நான் முத்தியால்பேட்டை போய்ச் சேர்ந்தேன். வசந்தா வாசலில் நின்றிருந்தாள். "ஒன் எல்.டி.சி.ய சேத்துலேர்ந்து புடுங்கிகினு வந்திருக்கேன். கழுவி எடுத்துக்கோ" என்றார் மாமா.

கழுவி எடுத்துக்கொண்டாள். என் பிள்ளைகள் அம்மா வழியில் பிரெஞ்சுக் குடிமக்கள். முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்குக் குடியுரிமை மனுக்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு நான் போடவில்லை. கேட்டால், "அவருக்குப் பேண்ட்டு போதும்" என்று வீட்டில் எவராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்கள். மாமா இருந்தவரைக்கும் ஒவ்வொரு ஜூலை பதினாலும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனோம். அவர் போன பிறகும் போகிறோம். அந்த ஒரு நிமிட மௌனத்தில் எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். எங்கள் வீட்டார் குனிவது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். மனைவி, மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓரக்கண்ணால் என் காலைப் பார்க்கிறார்கள், இறங்குகிறேனா என்று.