பக்கத்து சீட்டுக்குச் சட்டம் இல்லை

இனிமேல் என் சம்மதம் இல்லாமல் எந்தப் போலீஸும் என்னைப் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு வந்தபோது என்னைப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். என் முடிவுகள் எல்லாமே இப்படித்தான். காரியம் ஆன பிறகுதான் வந்து சேரும்.

நான் லிப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் மேஜையில் மணி அடிக்கும். "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, மூச்சை நிதானமா விடுங்க" என்று சொல்வது என் வேலை. ஆள் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் என் குரலில் அது தெரியாது. இந்த ஒரு திறமையை நம்பித்தான் வீட்டிலும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய பொய் ஒன்றுமில்லை. என் அக்காவுக்கு முழங்கால் வலி. சனிக்கிழமை தோறும் ஊரின் மறுகோடியில் இருக்கிற பிசியோதெரபி கிளினிக்குக்குப் போக வேண்டும். அத்தான் கப்பலில் சமையல்காரர். கரையில் இருக்கிற நாட்களில் தூங்குவார். ஆகவே நான்தான் அக்காவைக் காரில் கூட்டிப் போவேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அக்காவுக்கும் என் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அக்கா வந்தாள். சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். "சின்னதா இருக்கிறதும் நல்லதுதான். செய்யறதும் கொஞ்சம்தானே" என்றாள்.

"ஆமா அண்ணி. உங்க நாக்கு நீளத்துக்கு இந்த இடம் பத்தாதுதான்" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது நான்.

அக்காவின் முழங்கால் விஷயம் வந்தபோது மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "சனிக்கிழமைதான் லிப்ட் அதிகமா நிக்குதாம். கூடுதல் டூட்டி போட்டிருக்காங்க" என்றேன்.

"பாவம், அதுக்கும் வாரக் கடைசியில அலுத்துப் போகும்ல" என்றாள்.

ஒரு வாரம் மறைத்ததைச் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் மறைத்ததைச் சொல்ல முடியாது. முழங்கால் வலியை விட, மறைத்ததே பெரிய கதையாகிவிடும். அதனால் சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்காது. பாத்திரம் தேய்ப்பேன். துணி மடிப்பேன். ஒருமுறை சீலிங் ஃபேன் இறக்கையைக் கூடத் துடைத்தேன். மனைவி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம்பிக்கையான பெண் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.

அந்தச் சனிக்கிழமை கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பாலத்துக்குக் கீழே ஒரு பெண் போலீஸ் கை காட்டினார். ஓரம் கட்டினேன்.

"பின்னால பிரேக் லைட் எரியல சார்."

"மாத்திடறேன் மேடம்."

"மாத்துங்க." என் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "கண்ணாடியைக் கழட்டிட்டு இங்க பாருங்க." கையில் ஃபோன் போல ஒரு கருவி.

"எதுக்கு?"

"புது உத்தரவு. நிறுத்தின வண்டியோட டிரைவரை நாங்க படம் எடுக்கலாம். மாட்டினா தம்பி பேரையும் மச்சான் பேரையும் சொல்லிட்டுப் போயிடறாங்க."

"நான் என் பேரைத்தான் சொன்னேன்."

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

கண்ணாடியைக் கழற்றினேன். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா தலையைச் சரிசெய்துகொண்டு என் தோள் வரைக்கும் சாய்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பின்னாடி போ. டிரைவரை மட்டும்தான்."

"சும்மா இருடா. நீ எடுத்தா எனக்குத் தலையே இருக்காது. இவங்களாவது ஒழுங்கா எடுக்கட்டும்."

பெண் போலீஸ் எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து படம் எடுப்பது பாம்புதான். அதைப் பார்த்துக்கூட நான் இப்படி விறைத்ததில்லை.

"வண்டி உங்க பேர்லயா?"

"என் மனைவி பேர்ல."

அதற்கு நானே பொறுப்பு. யார் பேரில் எழுதுவது என்று ஷோரூமில் கேட்டபோது நான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை நான் ஓட்டுகிறேன், என்னை அவள் ஓட்டுகிறாள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்னொன்று நன்றாகத் தெரியும்.

"அப்ப இந்தப் படம் அவங்க ஃபோனுக்குப் போகும். இவருக்கு உங்க வண்டியை ஓட்ட அனுமதி இருக்கான்னு கேக்கும். ஆமான்னு அழுத்துனா முடிஞ்சது."

"உடனேவா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் பாத்துட்டு அனுப்பணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

எரியாதது ஒரு விளக்கு. மாட்டிக்கொண்டது நான். அக்கா வழி முழுக்கத் தன் படம் எப்படி வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குப் போனதும் தாக்குதலை நானே ஆரம்பிப்பது என்று தீர்மானித்தேன்.

"இந்த நாட்டுல ஒரு மனுஷன் மூஞ்சிக்கு மரியாதை இருக்கா?" என்றேன்.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யார் மூஞ்சிக்கு?"

"பொதுவா சொல்றேன். ரோட்டுல நிறுத்திப் படம் எடுக்கலாமாம். என்ன உரிமை?"

"உங்களை எடுத்தாங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். நம்ம கல்யாண ஆல்பத்துலயே நீங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் நிக்கறீங்க."

அன்று பாத்திரத்தோடு குக்கர் அடிப்பாகத்தையும் தேய்த்தேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்தேன். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் படித்ததில்லை. ஆனால் முப்பது வருஷம் அடித்திருக்கிறார்.

"உத்தரவுல என்ன வார்த்தை இருக்கு?" என்றார்.

"டிரைவரைப் படம் எடுக்கலாம்னு இருக்கு."

"டிரைவர். ஒருமை. படத்துல பக்கத்து ஆள் யாராவது விழுந்திருக்காங்களா?"

"விழுந்திருக்காங்க."

"அங்கதான் சார் ஓட்டை. பக்கத்து சீட்டுக்குச் சட்டம் இல்ல. வெட்டி எடுன்னு கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிராஃபிக் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த போலீஸ்காரர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. வீட்டில் பழக்கமில்லாததால் நடுவில் நானே இரண்டு முறை நிறுத்தினேன்.

"நீங்க சொல்றது நியாயம்தான் சார். பக்கத்துல இருக்கறவங்களை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. வெட்டிடலாம்."

"வெட்டிடுங்க."

"நீங்க கேட்டு வெட்ட முடியாது. நீங்க டிரைவர். உங்களை எடுக்க அதிகாரம் இருக்கு. படத்துல இருக்கற அந்தம்மா வந்து கேக்கணும். இல்லேன்னா வண்டி ஓனர் வரணும். அதுவரைக்கும் படத்தை அனுப்பாம வெச்சிருக்கேன். நாளைக்குள்ள வாங்க."

வெளியே வந்து அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"எதுக்குடா வெட்டணும்?" என்றாள்.

"அக்கா, அவ பார்த்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"பாக்கட்டுமே. நான் என்ன கொலையா செஞ்சேன். முழங்கால நீட்டி மடக்கிட்டு வந்தேன்."

"உனக்குப் புரியல."

"எனக்கு அந்தப் படம் வேணும். அத்தானுக்கு அனுப்பணும். நான் இளைச்சுட்டேன்னு சொன்னா கப்பல்ல இருந்துக்கிட்டு நம்ப மாட்டேங்கறார்" என்று வைத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஓனர். அன்று சாயந்திரம் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மனைவி வர வேண்டும், வெட்டச் சொல்ல வேண்டும், ஆனால் படத்தைப் பார்க்கக் கூடாது. லிப்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் குரலை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல. பதறாதே. என்னைப் போலீஸ் படம் எடுத்துட்டாங்க."

"நான் பதறலயே" என்றாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பக்கத்துல கூட வேலை செய்யற ஒருத்தர் இருந்தார். அவரும் விழுந்துட்டார். ரொம்ப சங்கடப்படறார். ஓனர் வந்து சொன்னா வெட்டிடுவாங்களாம். நீ வந்து வெட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். படத்தைக்கூடப் பாக்க வேண்டாம்."

"ஆணா, பெண்ணா?"

"கூச்ச சுபாவம்."

"நான் அதைக் கேக்கல."

"பாக்கணும்னு அவசியமே இல்ல."

அவள் டிவியை அணைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "சரி, வரேன்" என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. சண்டை போடுவாள் என்பதல்ல பயம். இவ்வளவு நாள் என்னை நம்பி உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம் வாடினால் என்னால் பார்க்க முடியாது. அதற்காகவாவது அக்காவை வெட்டியாக வேண்டும்.

மறுநாள் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கவுண்ட்டரில் அதே போலீஸ்காரர்.

"ஓனர் வந்திருக்காங்க. வெட்டிடுங்க" என்றேன்.

"எதை வெட்டணும்னு அவங்க பாத்துச் சொல்லணும் சார்."

"அவங்களுக்குப் பாக்க இஷ்டமில்ல."

"எனக்கு இஷ்டம்தான்" என்றாள் மனைவி.

போலீஸ்காரர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தில் நான் இருந்தேன், மூச்சை நிதானமாக விடத் தெரியாதவனைப் போல. என் தோளில் அக்கா, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"அண்ணி நல்லா விழுந்திருக்காங்க" என்றாள் மனைவி.

அண்ணி என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. சமையலறைச் சண்டையோடு போனது. நான் நிமிர்ந்தேன்.

"மடியில என்ன அது? கொஞ்சம் பெருசாக்குங்க" என்றாள். போலீஸ்காரர் பெரிதாக்கினார். அக்காவின் மடியில் பச்சை மூடி போட்ட ஒரு டப்பா. "பாருங்க, மூடி சரியா அழுந்தல. குழம்பு கொட்டியிருக்கும். அண்ணி ஒரு வார்த்தை சொல்லல."

"அது நம்ம வீட்டு டப்பா" என்றேன்.

"ஆமா."

"அது எப்படி அங்க போச்சு?"

"நீங்கதான் கொண்டு போனீங்க. டிரைவர் சீட்டுக்குப் பின்னால கீழ வெச்சிருவேன். அண்ணி எடுத்துக்கிட்டு அவங்க செஞ்சதை வெச்சிருவாங்க. நீங்க பாத்திரம் தேய்க்கற நேரத்துல நான் போய் எடுத்துட்டு வந்துருவேன். அவங்க டப்பாவைக் கூட நீங்கதான் தேய்ச்சுக் கவுத்தீங்க."

போலீஸ்காரர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே."

"சண்டை போட்ட ரெண்டாம் நாளே அண்ணி ஃபோன் பண்ணாங்க. தப்பா சொல்லிட்டேன்னாங்க. நானும் தப்புன்னேன். முடிஞ்சு போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தோம். நீங்கதான் எங்க சண்டைப் பேச்சை எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போயிடுவீங்க. சரி, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தப்பதான் அண்ணிக்கு முழங்கால் வலி வந்தது. நீங்க சனிக்கிழமை லிப்ட் நிக்குதுன்னு வந்து நின்னீங்க. அன்னிக்கு சாயந்திரம் எல்லாப் பாத்திரத்தையும் தேய்ச்சுக் கவுத்து வெச்சீங்க. அண்ணிகிட்ட சொன்னேன். அவங்களும், இங்க கார் கதவைத் திறந்து விட்டுக் கையைப் பிடிச்சு இறக்கி விடறான், இதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுட்டு உள்ளயே உக்காந்திருப்பான்னாங்க. ரெண்டு பேரும் யோசிச்சோம். சண்டை அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

"அப்ப என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"நாங்க ஒரு வார்த்தை பொய் சொல்லலங்க. நீங்க கேக்கல, நாங்க சொல்லல. லிப்ட் கதை சொன்னது யாரு?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் வராது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணமானவராக இருக்க வேண்டும்.

என் மனசில் பாரம் இறங்கியது உண்மை. ஆனால் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. ஃபேன் இறக்கை ஞாபகம் வந்தது. குக்கர் அடிப்பாகம் ஞாபகம் வந்தது. ஒரு ஆண் வாழ்க்கையில் ஒரு முறையாவது போலீஸ் முன்னிலையில் நிமிர்ந்து பேச வேண்டும் என்று தோன்றியது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன். "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க. இனிமே சேர்ந்து பஸ்ல போயிட்டு வாங்க. நான் ஓட்டப் போறதில்ல. பாத்திரமும் தேய்க்கப் போறதில்ல. சனிக்கிழமை இனி என்னுடையது."

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த இடைவெளியில் நினைத்தேன்.

"அம்மா, அந்தம்மாவை வெட்டணுமா, வேண்டாமா?" என்றார் போலீஸ்காரர்.

"வேண்டாங்க. அவங்களுக்கு ஒரு பிரதி அனுப்பணும், அப்படியே இருக்கட்டும்."

"சரி. அப்ப ஃபோனுக்கு அனுப்பற வேலையில்ல, இங்கயே முடிச்சிடலாம்." விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். "இவர் உங்க வண்டியை ஓட்டறதுக்கு உங்க அனுமதி இருக்கா?"

அவள் திரும்பி என்னைப் பொறுமையாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"சனிக்கிழமை மட்டும்" என்றாள்.