மூலகாரணம் தேடுகிறவர்

தோற்றால் அழுகிறவர்கள் ஓர் இனம். குடிக்கிறவர்கள் ஓர் இனம். 'இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் இன்னோர் இனம். இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும்; கதைகளில் வேண்டிய அளவு வந்துவிட்டார்கள். இங்கே வரப்போகிறவர் வேறு: காரணம் கண்டுபிடிக்கிறவர். தோற்ற இடத்தில் கண்ணீர் விடாமல், முகம் சுளிக்காமல், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'இது ஏன் நடந்தது?' என்று விசாரணையைத் தொடங்குவார். காலணி விசாரிக்கப்படும், மழை விசாரிக்கப்படும், சாலை நெரிசல் கூண்டில் ஏற்றப்படும். ஒரே ஓர் ஆளை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

புனேயில், வாகட் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் பத்ரிநாத் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவின் தலைவர். மகள் அம்முவைச் சனிக்கிழமைதோறும் பாலே வகுப்புக்கு அழைத்துப்போய், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நாற்பத்து நான்கு வயதில் ஏதோ ஆகிவிட்டது. கால்விரல் நுனியில் எழும்பி, இரு கைகளையும் தலைக்கு மேல் வளைத்து நின்ற ஒரு குழந்தையைப் பார்த்து அவர் கண் கலங்கியது. பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அம்மு பாலேயை விட்டு ஸ்கேட்டிங்குக்குப் போய்விட்டாள். அவர் விடவில்லை.

குக்கர் விசில் அடிக்கும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்ந்தார். லிஃப்டில் தனியாக இருந்தால் குதிகாலைத் தூக்கினார். வகுப்பு முடிந்து வரும் நாளில் மட்டும் அவர் யார்மேலும் எரிந்து விழுவதில்லை என்பதை மனைவி ரமா கவனித்தாள். கவனித்ததை வெளியே சொல்லிக் கெடுத்துக்கொள்ளவில்லை. இப்படி இரண்டு வருஷம் போனபோது, நாட்டியப் பள்ளியின் ஆண்டுவிழாவில் மேடையேறுவோருக்கான தேர்வு வந்தது. பத்ரிநாத் போனார்.

அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றைக்காலில் சுற்றித் தேர்வுக் குழுவைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லாரும் தேர்வுக் குழுவைப் பார்த்து நின்றார்கள். பத்ரிநாத் பின்சுவரைப் பார்த்து நின்றார். முகத்தில், சொல்லிக்கொடுத்தபடியே, புன்னகை. ஒரு குறையும் சொல்ல முடியாத புன்னகை. அதைப் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவி மட்டும்தான்.

மறுநாள் தேர்வானவர்களின் பெயர்கள் வாட்ஸப்பில் வந்தன. அவர் பெயர் இல்லை. ஆசிரியை ஷபானா அவருக்குத் தனியாக எழுதியிருந்தார்: இன்னும் ஒரு வருஷம் ஆரம்ப வகுப்பில் இருப்பது நல்லது, ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது, சனிக்கிழமை மாலைக்குள் சொல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் உடைந்துபோவான். நெஞ்சில் கைவைத்து ஜன்னலோரம் நிற்பான். வெளியே மழையும் பெய்துகொண்டிருந்தது. எந்த வசதிக்கும் குறைவில்லை. பத்ரிநாத் அம்முவின் சார்ட் பேப்பர் ஒன்றை எடுத்து அதில் ஒரு மீன் முள் வரைந்தார்.

தொழிற்சாலையில் பழுது வந்தால் இப்படித்தான் வரைவார்கள். மீனின் தலையில் பழுதை எழுதி, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு வகைக் காரணத்தை எழுத வேண்டும்: பொருள், இயந்திரம், முறை, ஆள். படம் ஹால் சுவரில் ஏறியது. பொருள் என்ற முள்ளில், மழையில் ஊறி விறைத்த தோல் காலணியும் வழியில் சாப்பிட்ட வடாபாவும். இயந்திரம் என்ற முள்ளில், கணுக்காலில் குளிரை ஊதிய ஏசியும் இடப்பக்கமாக ஒலித்த ஸ்பீக்கரும். முறை என்ற முள்ளில், ஹிஞ்ஜேவாடி சாலை நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்துக் களைத்துப்போன இடது கால். ஆள் என்ற முள் மட்டும் வெறுமையாக இருந்தது.

"க்ளாஸுக்குப் போறேளா, இல்லையா?" என்று ரமா கேட்டாள்.

"மூலகாரணம் தெரியாம ப்ரொடக்ஷன் லைனை ஓட்டக் கூடாது, ரமா."

"எந்த லைன்? முழங்காலை மடக்கப் போறேள். அவ்வளவுதானே?"

வெள்ளிக்கிழமை மாலை அவர் ஸ்டூடியோவுக்கே போனார். தேர்வானவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் பார்ப்பார்களே, அது. தான் சுற்றிய இடத்தில் மண்டியிட்டு அதை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தார். நட்டநடுவில். நாலடி தள்ளி வைத்தார். அந்தக் குமிழிக்கு இதயமே இல்லை.

என்ன ஆயிற்று என்று ஷபானா ஹிந்தியில் கேட்டார்: "பத்ரிஜி, க்யா ஹுவா?"

"ஃப்ளோர் செக்."

ஷபானா பொறுமைசாலி. நாளை மாலைக்குள் பதில் வேண்டும் என்று மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரமா காபியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படத்தின் முன்னால் நின்றாள்.

"ஆள்னு ஒரு முள்ளு காலியா இருக்கே?"

"ஆபரேட்டர் மேல பழி போடறது தப்பு. பதினெட்டு வருஷமா ஃபாக்டரிப் பசங்களுக்கு அதான் சொல்லித் தரேன். எவனாவது ஆள் சரியில்லைன்னு எழுதிண்டு வந்தா கிழிச்சுப் போட்டுடுவேன்."

"பழி போட வேண்டாம். எனக்கு இன்னும் ஆடத் தெரியலைன்னு எழுதுங்கோ."

"அது காரணமே இல்லை. அது... வந்து..."

"அப்பா," என்று சோபாவிலிருந்து அம்மு ஆறுதல் சொன்னாள், "உன் டான்ஸ் அவ்ளோ மோசம் இல்ல. ஸ்லோ மோஷன்ல பார்த்தா டீக் ஹை."

"நீ சும்மா இருடி," என்றாள் ரமா. பிறகு அவரிடம், "ஆடத் தெரியலைன்னா கத்துக்கலாம். தரை கோணல்னா என்ன பண்ணுவேள்? அவா ஸ்டூடியோவை இடிச்சுக் கட்டுவேளா?"

பத்ரிநாத் படத்தையே பார்த்தார். காபியில் ஆடை படர்ந்தது. மின்விசிறி சுற்றியது. பின்னணி இசை எதுவும் ஒலிக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, வெறும் முள்ளுக்கு அருகே போய், 'ஆடத் தெரியவில்லை' என்று எழுதினார். வேறு யாருடைய கையெழுத்தோ மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஃபோனை எடுத்து ஷபானாவுக்கு, 'நாளை வருகிறேன்' என்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, தன் இடுப்புயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்து நின்றார். முழங்காலை மடக்கினார். நிமிர்ந்தார். கம்பியை விட்டுச் சுற்றச் சொன்னபோது சுற்றினார், தொப்பென்று உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த சிறுமி குனிந்து பார்த்தாள். "அங்கிள், விழுந்துட்டீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

பத்ரிநாத் தரையைப் பார்த்தார். காலணியைப் பார்த்தார். வாய் திறந்தது.

"ஆமாம்மா," என்றார். "விழுந்துட்டேன்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கையை நீட்டினாள்.

இதனால் இந்த இனத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். ஈடு கட்ட ஆள் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மைத்துனர் நினைவுக்கு வந்திருப்பார், மேலதிகாரி வந்திருப்பார், மாடி வீட்டுக்காரர்கூட வந்திருப்பார். வராத ஒருவரைப் பற்றி இங்கே யாரும் பேசப்போவதில்லை. வாசிக்கக் கற்றுக்கொள்ள வாங்கி, உங்கள் கட்டிலுக்கடியில் உறையோடு கிடக்கும் கீபோர்டைப் பற்றியும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது ரிப்பேர். சரிதான். அது ரிப்பேர்தான்.