நூற்றுக்கு நூறு எடுத்த ஹார்டு டிஸ்க்

மஸ்கட்டின் வெயிலையும் மேனேஜரையும் ஒருசேரத் தாங்கி, கம்ப்யூட்டர் வேலையில் பேரெடுக்கும் என் தங்கை மகள் பிரீனாவுக்கு, நெய்யூரிலிருந்து நேசையன் மாமா கோடானுகோடி வாழ்த்துகளோடு எழுதுவது. நானும் மாமி செல்லபாயும் சுகம். கம்ப்யூட்டரும் சுகம். அது சுகப்பட்டது உன்னால் என்பதால்தான் இந்தக் கடிதம்.

வரும் ஞாயிறு நம்ம திருச்சபைக்கு நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு. அதற்கு நாற்பது நிமிஷப் படம் செய்து காட்டுவேன் என்று கமிட்டியில் எழும்பி நின்று வாக்குக் கொடுத்தவன் நானேதான். செயலாளர் செல்வதாஸ் அப்போதே, "வாத்தியாரே, உம்மகிட்ட இருக்கது கம்ப்யூட்டரா, அம்மிக்கல்லா? வியாழனுக்குள்ள முடியல்லேன்னா ஸ்டுடியோக்காரன்கிட்ட குடுத்துருவேன், கேட்டீரா" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு பாரு. எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனால், மாமி சாளை வாங்கி, செதிள் உரசி, குழம்பு வைத்து, நான் தின்று, ஒரு உறக்கம் உறங்கி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும். மவுஸ் அம்பில் ஒரு சிலந்தி வலைகட்டிப் பேரப்பிள்ளை வரைக்கும் பார்த்துவிட்டது.

அப்போதுதான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரு சதவீதம், அசல் பிராக்ரஸ் ரிப்போர்ட்! ஹார்டு டிஸ்க் நூறு. பிராசசர் ஒன்பது. கிராபிக்ஸ் கார்டு மூன்று. முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதுக்கு மேல் யார் விளக்க வேண்டும்? அன்றைக்கே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, ஃபெயிலான இரண்டு தடியன்களையும், அவர்களுக்குத் தோதாக மதர்போர்டையும் மாற்றினேன். கடைக்காரர், "ஹார்டு டிஸ்க்கையும் மாத்திருவோமா சார்?" என்றார். "நூறு வாங்கின பிள்ளைக்கு டி.சி. குடுக்கச் சொல்லுகீரா வோய்?" என்று விரட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க் பழையபடி நூறு, புதுப் பிராசசர் நாலு! "வாத்தியார் வீட்டுப் பிள்ளைக இப்பிடித்தான்" என்றாள் மாமி.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். விஷயம் கேட்டு போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. "மாமா, அது மார்க்கு இல்ல. ஒவ்வொருத்தனும் எவ்வளவு பாடுபடுகான்னு காட்டுகது. கல்யாணப் பந்தியில இருபது பேரு சமைச்சு வச்சாலும், வாளி தூக்கி விளம்ப ஒருத்தன்தான்னா பந்தி எப்பிடி நகரும்? உங்க டிஸ்க்குதான் அந்த வாளிக்காரன். அவன் மூச்சுமுட்டி ஓடுகான், மத்தவனுவ சும்மா நிக்கானுவ. நீங்க என்னடான்னா இன்னும் ரெண்டு சமையல்காரனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாயே, மக்களே, சதவீதம் என்றால் என்னவென்று என் வாழ்நாளில் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

பழைய வாளிக்காரனுக்குப் பதிலாக நீ வாங்கி அனுப்பிய எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் செவ்வாய்க்கிழமை வந்தது. அதே கடைக்காரர்தான் மாட்டித் தந்தார். ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை, தங்கமான மனுஷன். இப்போது நாளைக்கு நான் தட்டப்போகும் எழுத்தையும் இன்றைக்கே காட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்னே ஒரு பகல் முழுக்கத் தின்ற படம் பதினெட்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. இன்று மத்தியானம் செல்வதாஸுக்குப் போட்டுக் காட்டினேன். படத்தில் பழைய பாடகர் குழுவோடு நிற்கும், செத்துப்போன தன் அப்பாவைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாத்தியாரே, கொள்ளாம், நல்லா இருக்கு" என்றான். என் மானம் உன் கையில்தான் இருந்தது பிள்ளே. ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டு சேர்த்துவிட்டாய்.

உன் வேலையும் குடும்பமும் தட்டாமல் முட்டாமல் ஓடட்டும், கர்த்தர் கூட இருப்பார். மாமி நேந்திரங்காய் வற்றல் வறுத்து வைத்திருக்கிறாள். மஸ்கட்டுக்கு ஆள் போனால் வரும், போகாவிட்டால் நானே தின்றுவிடுவேன்.

நன்றிப் பாரத்தால் குனிந்து நிமிர முடியாத,
நேசையன் மாமா

பின்குறிப்பு: இதை அனுப்பும் முன்னே செல்வதாஸ் மறுபடி வந்தான். "படம் வெளிய வர பதினெட்டு நிமிஷம்தானா? அப்போ சபையில உள்ள முந்நூத்திப் பன்னிரெண்டு குடும்பத்து போட்டோவையும் சேரும்" என்கிறான். வாசலில் ஆல்பத்தோடு ஆள் நிற்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கம்ப்யூட்டரை இனித் தொட்டால் வெடித்துவிடும் என்று மஸ்கட்டிலிருந்து நீ எச்சரித்ததாகச் சொல்லிவிட்டேன். அவன் உன்னைக் கூப்பிடுவான். நீ ஆமென் என்று மட்டும் சொல்லு, போதும்.