அழகர் அன் சன்

ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அழகர் மூன்றாம் தடவையும் வாசித்தார். மூன்றாம் தடவையும் அது மாறவில்லை.

'பிள்ளை பிறந்தவுடனேயே தாய்மாருக்குக் கொப்பர் டீ போடப்படும். முற்றிலும் இலவசம்.'

வத்தேகமப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது இந்த ஆஸ்பத்திரியில் கென்டீன் நடத்துகிறவர் அழகர். தூளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். கொப்பர் என்றொரு தூளைக் கேள்விப்பட்டதாக அவருக்கு நினைவில்லை.

கென்டீன் வாசலில் 'அழகர் அன் சன்' என்று கொட்டை எழுத்தில் போர்டு தொங்கியது. பிறந்த இரண்டும் பெண்கள். சன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்த பிறகு பெயின்டரைத் தேடி அலைய வேண்டாமே என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். அவன் வரும்போது கடை இருக்குமா என்பதுதான் இப்போது கவலை.

அந்தப் பக்கமாக வந்த பாயிஸா நர்ஸை மறித்தார்.

"மிஸ், இந்தக் கொப்பர் டீ நெசமாவே சும்மாவா போடுறீங்க?"

"ஓ, சும்மாதான். புள்ள பொறந்து பத்து நிமிஷத்துக்குள்ள போட்டுருவோம்."

"ஆறிடாதா?"

"நல்லா ஆறிரும். ஒரு கரைச்சலும் இல்ல."

ஆறிப்போன டீயைப் பற்றி ஒருவர் இவ்வளவு பெருமையாகப் பேசி அழகர் கேட்டதில்லை.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நேரமா? ஒருக்கா போட்டா பத்து வருஷம் ஈக்கும்."

அவர் போடும் பிளேன்டீ அரை மணி நேரத்தில் கசந்துவிடும்.

"பால்?"

"பால் குடுக்கிற தாய்மாரும் போடலாம்."

"சீனி?"

"சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவங்களும் போடலாம்."

"புடிக்கலன்னா?"

"வந்து ஒரு வார்த்த செல்லுங்க, எடுத்துருவோம்."

போட்ட டீயைத் திருப்பி எடுக்கிறார்களாம். அழகர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஞானேஸ்வரி, நம்ம கடைக்குப் பூட்டுதான்" என்றார் கென்டீனுக்குள் நுழைந்ததும். "வாட்டுல கொப்பர் டீ போடுறாங்களாம்!"

வடையைத் திருப்பிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இங்க பாருங்க, அது வந்து..."

"நீ வடையைப் பாரு."

கொப்பர் என்றால் செம்புதானே என்று, வீட்டிலிருந்த செப்புக் குடத்தை ஆட்டோவில் கொண்டுவந்து, அதில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'இங்கும் கொப்பர் டீ போடப்படும். காத்திருக்கத் தேவையில்லை.'

முதலில் வந்தவன் பல்லேகலயில் வேலைசெய்யும் சுதேஷ். மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தான்.

"அண்ணே, மெய்யாவே இங்கயும் போடுறீங்களா? எங்க வீட்டுல வாட்டுல போட்டுக்கப் பயப்படுது."

"கூட்டிட்டு வாங்க தம்பி. நின்னுக்கிட்டே போட்டுக்கலாம்."

"வலிக்காதா?"

"தலைவலியே போயிரும்!"

சுதேஷ் நேரே வாட்டுக்கு ஓடினான். மதியத்துக்குள் மூன்று தாய்மார், "எங்களுக்குக் கென்டீனே போதும் மிஸ்" என்று பாயிஸாவிடம் சொல்லிவிட்டார்கள். பாயிஸா டொக்டரைத் தேடி ஓடினாள்.

இதெல்லாம் தெரியாத அழகர், வியாபாரத்தை இன்னும் கொஞ்சம் விரிக்க நினைத்து அட்டையில் ஒரு வரி சேர்த்தார்: 'ஆண்களுக்கும் உண்டு.'

அன்றிலிருந்து ஒரு ஆம்பளை கூடக் கென்டீன் பக்கம் வரவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அன்றைய பொழுதே இன்னும் முடியவில்லை. அட்டையை வாசித்தவர்கள் ரோட்டின் மறுபக்கத்துக்குத் தாவினார்கள். வழக்கமாகக் கடனுக்குக் குடிக்கிற அட்டென்டன்ட் கூட, "எனக்கு இன்னிக்கு வேணாம் அழகரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இங்க பாருங்க..." என்றாள் ஞானேஸ்வரி.

"வடையைப் பாருன்னேன்ல!"

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் வீரசிங்கம், பின்னால் பாயிஸாவோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஆர் இஞ்ச போடுறது?"

"என் சம்சாரம்தான் டொக்டர். ஒரு நாளைக்கு நூறு போடுவா."

"நூறோ? கையுறை?"

"எதுக்குங்க? வெறுங்கைதான். கொதிக்கக் கொதிக்கப் போடுவா."

டொக்டர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஆம்பிளையளுக்கு?"

"அவங்களுக்குச் சாயம் கொஞ்சம் கூட."

டொக்டர் எழுந்து செப்புக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து விரலளவு சாமான் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் கொப்பர் டீ. இங்கிலீஷ் எழுத்து டீ மாதிரி இருக்கு, பாத்தீரோ? செம்புக் கம்பி சுத்தியிருக்கு. கருப்பைக்குள்ள வைக்கிறது. இது இருக்குமட்டும் பிள்ளை தங்காது. விளங்குதோ?"

அழகர் அட்டையைக் கழற்றி, அதாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். பாயிஸா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினாள்.

அட்டைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "அப்ப, நம்ம தேத்தண்ணிக்குப் போட்டி இல்ல?"

"இல்லை."

அழகருக்கு உயிர் வந்தது. டொக்டருக்குத் தன் கையாலேயே ஒரு பால்டீ ஆற்றிக் கொடுத்தார். டொக்டர் குடித்தபடி மேலே பார்த்தார்.

"போர்டில இருக்கிற சன் எங்க?"

"இன்னும் பொறக்கல டொக்டர். சின்னவளுக்கு ஏழு வயசாச்சு. போகாத கோயில் இல்ல, குடிக்காத கசாயம் இல்ல. ஏன்னே தெரியல. நீங்களாச்சும் பாத்து ஒரு மருந்து..."

ஞானேஸ்வரி அடுப்பை அணைத்தாள். இந்த முறை அவள் அனுமதி கேட்கவில்லை.

"சின்னவளுக்கு மொத ஊசி போட கிளினிக்குக்குப் போறப்பவே கேட்டேனே, 'அப்படியே கொப்பர் டீ போட்டுக்கவா'ன்னு. நீங்கதானே, 'போட்டுக்க, வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா'ன்னீங்க?"